ஐந்து அங்குலக் கல்யாணம்

கருங்கல்மேட்டு லேத் பட்டறை தெய்வசிகாமணி, ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உட்கார இடமில்லாமல், தோளில் ஒரு பம்ப்செட் ஷாஃப்டைச் சாத்திக்கொண்டு பதினாலாம் நம்பர் டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றிருந்தபோது, மஞ்சள் குடோனைத் தாண்டிப் பஸ் போயிற்று, அவர் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பஸ் முன்னால் போகப் போக அவர் நின்றது நின்றபடி பின்னால் வந்தார். கீரைக் கூடைகளுக்கு நடுவே, காலேஜ் பிள்ளைகளின் பைகளுக்கு நடுவே, ஒரு கைக்குழந்தை பிடித்திருந்த முறுக்கைக்கூட இடிக்காமல், யாரோ இடுப்பில் கயிறு கட்டிப் பொறுமையாகப் பிடித்திருப்பதுபோல வழுக்கிக்கொண்டே வந்து, பின்வாசல் படி இரண்டையும் கடந்து, காலில் செருப்பும் தோளில் ஷாஃப்டுமாகத் தார் ரோட்டில் நின்றார். பஸ் நூறடி தள்ளிப்போய் நின்றது.

கண்டக்டர் கந்தப்பன் பின்படியில் தொங்கிக்கொண்டு கத்தினான். "ஏனுங்ணா! எறங்கறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்றதில்லீங்களா? விசில் ஊதியிருப்பனில்ல!"

"நான் எறங்கல" என்றார் தெய்வசிகாமணி.

"பின்ன?"

"பஸ்ஸு போயிருச்சு."

கந்தப்பன் யோசித்துப் பார்த்தான். சொன்னது சரியாகத்தான் இருந்தது. விசில் ஊதிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த நாள் தெற்கே போகும்போது சீமைக்கருவேலங்காட்டு ஓரத்தில் அதுவே நடந்தது. அதற்கடுத்த நாள் வடக்கே, வாய்க்காலின் நடுத்தண்ணீரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எடுத்து வைத்த கால் எடுத்த இடத்திலேயே வந்து நின்றது. சுவர் இல்லை, வலி இல்லை, முட்டவும் இல்லை. அதற்குமேல் அவர் இல்லை, அவ்வளவே. ஏன் வந்தது, எந்தச் சாமி செய்தது, எந்தக் குத்தம் என்று துருவுகிறவர்களுக்கு இங்கே வேலை கிடையாது. கருங்கல்மேட்டிலேயே யாரும் துருவவில்லை. அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

என்ன வேலை என்றால், தெய்வசிகாமணி தாண்ட முடியாத அந்தக் கோட்டோடு வாழ்கிற வேலை. மஞ்சள் குடோன் பக்கத்தில் ஒருவர் டீக்கடை போட்டு 'எல்லை' என்று பலகை வைத்தார். மனை விற்கிறவர்கள் 'கோட்டுக்கு உள்ளே' என்று நோட்டீஸ் அடித்தார்கள், 'கோட்டுக்கு வெளியே, நல்ல காற்றோட்டம்' என்று மற்றவர்கள் அடித்தார்கள். மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்தவர்கள் "கோட்டுக்கு அந்தப்பக்கம் குடுத்துட்டேன்" என்று மூக்கைச் சிந்தினார்கள். மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போக விரும்பாத நாலு ஆண்கள் தங்களுக்கும் கோடு விழுந்துவிட்டதாகச் சொல்ல, பெண்டாட்டிமார்கள் நாலு பேரையும் பதினாலாம் நம்பரில் ஏற்றிச் சோதித்துப் பார்க்க, நாலு பேரும் வழுக்காமல் முழுசாகப் போய் மாமியார் வீட்டில் இறங்கினார்கள். கந்தப்பன் மட்டும், அவர் பஸ்ஸில் இருந்தால், மஞ்சள் குடோனுக்குப் பத்தடி முன்னாலேயே வண்டியை நிறுத்திவிடுவான். "அண்ணன் நின்னது நின்னபடி எறங்கட்டும். எதுக்கு ஜனங்களுக்கு ஊடால வழுக்கிக்கிட்டு?"

தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி போய்ப் பதினாறு வருடம். பேச்சு கொஞ்சம்தான். பட்டறையில் அவரிடம் உடைந்த கப்பிச் சக்கரத்தைக் கொண்டுவந்து, "மிச்சம் காணாமப் போச்சுங்க, இந்தத் துண்டுதான் இருக்குது" என்பார்கள். அவர் துண்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்கேலை வைப்பார். நடுவில் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார். பாதி நீளத்தை அதாலேயே பெருக்கி, ஆழத்தால் வகுத்து, ஆழத்தைக் கூட்டி, முழு டயாவை, அதாவது குறுக்களவை, சொல்லிவிடுவார். அதில் பாதி ரேடியஸ். காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. துண்டைக் காட்டினால் முழுசைச் சொல்லுகிற ஆள்.

அப்படிப்பட்டவருக்கே கோடு விழுந்ததும் ஊருக்கு ரேடியஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. தோசைக்கல்லுக்கு என்ன ரேடியஸ், தெப்பக்குளத்துக்கு என்ன, ஆட்டுரல் குழிக்கு என்ன, அத்தை கொண்டைக்கு என்ன என்று பட்டறை வாசலில் வரிசை நின்றது. ஒருத்தர் ஜன்னல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மடக்கிவிட்ட சந்தோஷத்தில் கேட்டார்: "சதுரத்துக்கு ரேடியஸ் உண்டுங்களா?"

"ரெண்டு உண்டு."

"ரெண்டா!"

"உள்ளுக்குள்ள நாலு பக்கத்தையும் ஒட்டி ஒரு வட்டம் போடு, அது சின்னது. வெளிய நாலு மூலையையும் தொட்டு ஒண்ணு போடு, அது பெருசு. நகரு, வெளிச்சத்தை மறைக்காத."

வியாழக்கிழமைச் சந்தைக்கு அத்திப்புதூரிலிருந்து வளையல் பெட்டியோடு வருகிற வேலாத்தாள் அன்றைக்கு வரிசையில் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொரு வயது. கையைப் பார்த்த மாத்திரத்தில் ரெண்டு-நாலா, ரெண்டு-ஆறா, ரெண்டு-எட்டா என்று வளையல் அளவு சொல்லிவிடுவாள். ஒரு வளையலும் ஒரு கையில் இறுகியதில்லை, ஒரு கையிலிருந்தும் கழன்றதில்லை. ஆவணியில் அவளுக்காகத் தெய்வசிகாமணி அலுமினியத்தில் ஒரு கூம்பு கடைந்து கொடுத்திருந்தார். நுனியில் சின்னதாக ஆரம்பித்து அடியில் பெரிதாகி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கோடு போட்டது. வளையலைப் போட்டால் எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. அப்போது அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணாவது கோடு மயிரிழை தள்ளியிருக்குதுங்க" என்றாள். முப்பத்தாறு வருட லேத் வேலையில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அளந்து பார்த்தார். தள்ளியிருந்தது. அன்று முதல் வியாழக்கிழமைகளில் அவர் சட்டை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார். ஊர் கவனித்தது. ஊருக்கு வேறென்ன வேலை.

வரிசை கலைந்ததும் வேலாத்தாள் கேட்டாள்: "கோடு விழுந்திருச்சாமா?"

"ம்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"தெரியல."

"ஊரு சாமானுக்கெல்லாம் அளவு சொல்றீங்க, ஒங்க அளவு தெரியலையா?" என்று சிரித்தாள். பிறகு பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, பெட்டியிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "எங்க ஊரு கோட்டுக்கு வெளிய இருக்குது. யாராவது என்னைக் கேட்டு வரணும்னு நெனச்சா எப்படி வருவாங்களோ, போங்க."

லேத் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வெட்டில் தெய்வசிகாமணி அதை நிறுத்தினார். பாதி வெட்டில் நிறுத்தினால் இரும்பில் வரி விழும், விழட்டும்.

"வந்தா?" என்றார்.

"வந்தா, என்ற வாசல்ல நின்னு ஊரு கேக்கப் பேரச் சொல்லிக் கூப்பிடணும். என்ற பெட்டியத் தூக்கிக்கணும்." அவள் இப்போது சிரிக்கவில்லை. "மொதக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை லோடு ஏத்தப் போயிட்டாருன்னு நானே பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸேறிப் போனேன். இருபத்தஞ்சு வருசம் அந்த மனுசன் லாரியிலயே இருந்தாரு, லாரியிலயே போயிட்டாரு. இன்னொருக்கா நானா வர மாட்டேன்."

"வர்றேன்."

"கோடு?"

"அளந்து பாக்கறேன்."

தை பதினேழு என்று நாள் குறித்தார்கள். டீக்கடையில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சு. "அறுவதுல பொண்ணு கேக்குதா?" என்று ஒருவர் கிளப்ப, "ஐம்பத்தெட்டு" என்று தெய்வசிகாமணி திருத்திவிட்டு டீயை முடித்தார். அளவில் தப்பு வந்தால் அவருக்குப் பொறுக்காது.

மார்கழி மூன்றாவது வியாழன். அத்திப்புதூரிலிருந்து பதினாலாம் நம்பர் வந்துகொண்டிருந்தது. ஏழாம் பாலத்தைத் தாண்டிப் பஸ் போயிற்று, வேலாத்தாள் போகவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வழுக்கிப் பின்வாசலில் இறங்கிப் பாலத்துக் கைப்பிடி ஓரம் நின்றாள். அறுநூறு கண்ணாடி வளையல், ஒன்றுகூட உடையவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள், அட இவளுக்கும் வந்துவிட்டது என்றுமட்டும் சொல்லிக்கொண்டார்கள். கந்தப்பன்தான் முகம் சுருங்கிப்போய், ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே வந்து பட்டறை வாசலில் நின்று சொன்னான்:

"அண்ணா, ஒங்க கோடு அஞ்சாம் ஸ்டேஜு. அக்கா கோடு ஏழாம் ஸ்டேஜு. நடுவுல ரெண்டு ஸ்டேஜு. ரெண்டரைக் கிலோமீட்டருங்ணா. நீங்க எங்க நின்னாலும் அவங்க எங்க நின்னாலும் ரெண்டு டிக்கெட்டு தூரம்."

கருங்கல்மேட்டில் தூரம் என்றால் ஸ்டேஜ்தான். பள்ளிக்கூடம் ஒரு ஸ்டேஜ், ஆஸ்பத்திரி நாலு ஸ்டேஜ், மருமகள் ஊர் ஆறு ஸ்டேஜ், செவ்வாய்க் கிரகத்தைக் கேட்டாலும் இத்தனை ஸ்டேஜ் என்றுதான் சொல்லுவார்கள். ஆகவே ஊர் முழுக்க அதை நம்பியது. சமையல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பந்தல்காரர் மூங்கிலை வேறு ஊருக்கு ஏற்றிவிட்டார். போனில் வேலாத்தாள், "சரி, அவ்வளவுதான்னா அவ்வளவுதான்" என்றாள். தெய்வசிகாமணியும் நம்பினார். துண்டைக் காட்டினால் முழுசைச் சொல்லுகிற மனுஷன், நாலு நாள் அந்த ரெண்டு ஸ்டேஜை நம்பிக்கொண்டு, சாப்பிடாமல், சட்டை மாற்றாமல், ஒரு புஷ்ஷை அரை நூல் குறைவாகக் கடைந்து பாழாக்கினார்.

ஐந்தாம் நாள் யாரோ உடைந்த கப்பித் துண்டைக் கொண்டுவந்தார்கள். தெய்வசிகாமணி முனைக்கு முனை ஸ்கேலை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். ஸ்கேல் நேராக இருந்தது. கப்பி வளைந்திருந்தது. ஸ்கேலையும் கப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்கேலைத் தூக்கிக்கொண்டே தெருவில் ஓடி, பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் எண்ணிக்கொண்டிருந்த கந்தப்பனின் சட்டையைப் பிடித்தார்.

"மடையா! ரோடு எங்க போகுது?"

"ஏரியைச் சுத்திக்கிட்டுங்ணா, பெருமாள் கரட்டைச் சுத்திக்கிட்டு..."

"ரோடு வளையும். இழுத்துப் புடிச்ச கயிறு வளையுமா?"

"வளையாதுங்ணா."

"என்னைக் கட்டியிருக்கறது ரோடா, கயிறா?"

கந்தப்பன் டிக்கெட் கட்டைப் பையில் போட்டான்.

"ரோட்டுல ரெண்டு ஸ்டேஜு இடைவெளி இருக்குது. ஒத்துக்கறேன். ரோடு மட்டுமா பூமி?"

அன்றைக்கே கிராம அலுவலகத்தில் கேட்டு, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று போட்ட பழைய தாலுக்காப் படத்தை வாங்கி, லேத் பெஞ்சில் விரித்து, நாலு பக்கமும் நட்டு போல்ட்டுகளை வைத்து அழுத்தினார். தன் கால் நின்ற இடங்களில் மூன்றைக் குறித்தார்: மஞ்சள் குடோன், கருவேலங்காடு, வாய்க்காலின் நடு. ஊரே பெஞ்சைச் சுற்றி நின்றது. முதல் புள்ளியிலிருந்தும் இரண்டாம் புள்ளியிலிருந்தும் ஒரே அகலத்தில் காம்பஸைச் சுழற்றினார். வளைவுகள் வெட்டிக்கொண்ட இடங்களைச் சேர்த்து ஒரு கோடு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அதேபோல இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் ஓர் இடத்தில் சந்தித்தன. அங்கே காம்பஸ் முள்ளை ஊன்றிச் சுழற்றினார். பென்சில் மூன்று புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்தது. அடடா என்று ஒரு சத்தம் பட்டறையை நிறைத்தது. இத்தனை நாள் எல்லோரும் பேசிப் பேசிச் சலித்த அந்தக் கோடு இவ்வளவு அழகான ரவுண்டாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"மூணு அங்குலம், ஆறரை நூல்" என்றார் தெய்வசிகாமணி. எட்டு நூல் ஓர் அங்குலம். அது அவருடைய ரேடியஸ்.

நடுப்புள்ளியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஊர் ஓடிற்று. கோயில் என்று பாதிப்பேர் பந்தயம் கட்டியிருந்தார்கள். புதையல் என்று சிலர் மண்வெட்டியோடு போனார்கள். அவருடைய பெண்டாட்டியைப் புதைத்த இடம் என்று தணிந்த குரலில் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தால், கள்ளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஓர் ஓணான் இருந்தது. கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அதுவும் போய்விட்டது. ஒரு புண்ணியவான் மறுநாள் அங்கே ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைத்தார். எதையும் வீணாக விடமாட்டார்கள்.

இனி வேலாத்தாளின் வட்டம். படத்தைச் சுருட்டிக் கந்தப்பன் கையில் கொடுத்தனுப்பினார் தெய்வசிகாமணி. போனில், மூன்று இடம் குறி, காம்பஸை இப்படிப் பிடி என்று சொல்ல ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும், வைங்க" என்றாள்.

வேலாத்தாள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அத்திப்புதூரைச் சுற்றிப் போகிற தடம் ஒவ்வொன்றிலும் போய், ஸ்கூட்டர் போகத் தான் வழுக்கி நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு குச்சி நட்டு, எட்டு இடம் குறித்தாள். எட்டையும் படத்தில் புள்ளி வைத்தாள். காம்பஸை எடுக்கவே இல்லை. பெட்டியைத் திறந்து வளையல்களை ஒவ்வொன்றாகப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். ரெண்டு-நாலு உள்ளே விழுந்தது. ரெண்டு-எட்டு வெளியே போயிற்று. ரெண்டு-ஆறு, கிளிப்பச்சைக் கண்ணாடி வளையல், எட்டுப் புள்ளியையும் உள்விளிம்பால் தொட்டுக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் உட்புறமாகப் பென்சிலை ஓட்டிவிட்டு, நடுவைக் கண்டுபிடிக்க வளையல் அட்டைப்பெட்டியின் மூலையை வட்டத்தின்மேல் ஓரிடத்தில் வைத்தாள். பெட்டியின் இரண்டு பக்கமும் வட்டத்தை வெட்டிய இடங்களைச் சேர்த்தால் அது குறுக்களவு. மூலையை வேறிடத்தில் வைத்து இன்னொரு குறுக்களவு. இரண்டும் வெட்டிக்கொண்ட இடம்தான் நடு.

சாயங்காலம் கந்தப்பன் படத்தைச் சுருட்டாமல் அப்படியே கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். பச்சை வளையல் தன் இடத்திலேயே நூல் போட்டுத் தைக்கப்பட்டிருந்தது. தெய்வசிகாமணி அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டி விஷயத்தைக் கந்தப்பன் சொன்னதும், ஓர் அட்டையை எடுத்து, ஒரு வட்டம் போட்டு, மூலையை வைத்துப் பார்த்தார். இன்னொருமுறை வைத்துப் பார்த்தார். "அட" என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ரெண்டு-ஆறு என்றால் இரண்டு அங்குலமும் மூன்று நூலும். அதில் பாதி, ஓர் அங்குலம் ஒன்றரை நூல்.

"மூணு, ஆறரை. ஒண்ணு, ஒன்றரை" என்று கந்தப்பன் விரலை மடக்கினான். "மூணும் ஒண்ணும் நாலு. ஆறரையும் ஒன்றரையும் எட்டு நூல், அது ஒரு அங்குலம். மொத்தம் அஞ்சுங்ணா. அஞ்சு அங்குலம்."

தெய்வசிகாமணி ஸ்டீல் ஸ்கேலைத் துடைத்து ஒரு நடுவிலிருந்து இன்னொரு நடுவுக்கு வைத்தார். ஐந்துக்கு மேல் இருந்தால் இடைவெளி. என்ன செய்தும் ஆகாது. ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாம் முறையும் வைத்தார்.

"அஞ்சு."

"அப்படின்னா?"

"ரெண்டு வட்டமும் தொடுது. ஒத்த எடத்துல."

"ஒரே ஒரு எடத்துலயா?"

"கல்யாணத்துக்கு எத்தனை எடம் வேணும்?"

சமையல்காரருக்கு ஆள் போயிற்று. மூங்கில் திரும்பி வந்தது. ஆனால் ஒரு விஷயத்தைத் தெய்வசிகாமணி யாரிடமும் சொல்லவில்லை. படத்தில் ஒரு பென்சில் கோட்டின் தடிமன், தரையில் நூறு அடி. அந்தக் கோட்டுக்குள் நூறு அடி இடைவெளி ஒளிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டு நடுவையும் சேர்த்துக் கோடு போட்டு, அவர் பக்கத்திலிருந்து மூன்று அங்குலம் ஆறரை நூல் அளந்தால் தொடுமிடம். அது நேராகச் சாமியப்பனின் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தது. அறுபதடிச் சதுரக் கிணறு, அதன் நடுவாக்கில். சாமியப்பன் எந்த ஊரோடும் பேசாத ஆள். கருங்கல்மேட்டுக்காரர்களைக் கண்டால் நான் அத்திப்புதூர் என்பார், அத்திப்புதூர்க்காரர்களைக் கண்டால் நான் கருங்கல்மேடு என்பார்.

"என்ற கெணத்துல எவனும் கால் வெக்கக் கூடாது" என்றார்.

"வெக்கல" என்றார் தெய்வசிகாமணி. "பலகை போட்டுப் பலகை மேல வெக்கறோம்."

சாமியப்பன் யோசித்தார். "நான் மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

"கோடு உங்க தோட்டத்து வழியாத்தான் போகுது. ரெண்டும்தான்."

"அப்ப ரெண்டு பந்தியிலயும் உக்காருவேன்."

"உக்காருங்க."

சென்ட்ரிங் ஆட்கள் வந்தார்கள். கிணற்றுக்குக் குறுக்கே இரும்பு கர்டர் போட்டு, வாய் முழுக்கப் பலகை அடித்து, மேலே சாமியப்பனே தன் செலவில் தென்னங்கீற்று வேய்ந்தார். தெய்வசிகாமணி ஒருநாள் தனியாகப் போய்ப் பலகைமேல் நடந்து பார்த்தார். அவர் கோடு பலகைக்குள்தான் ஓடிற்று. சாக்பீஸால் கீறிவிட்டு வந்தார். வேலாத்தாளைப் போனில் கேட்டார், ஒரு நடை வந்து பாத்துரேன் என்று. "மாட்டேன்" என்றாள். "தொடலைன்னா இன்னும் பத்து நாளைக்கு அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? முகூர்த்தத்துல பாத்துக்கலாம்."

தை பதினேழு. விடிந்தும் விடியாமல் இரண்டு ஊரும் கிணற்றைச் சுற்றிக் கூடிவிட்டன; மேற்கே கருங்கல்மேட்டு உறவு ஒறம்பரை, கிழக்கே அத்திப்புதூர் ஒறம்பரை, நடுவில் சாமியப்பன் இரண்டு மாலையைப் போட்டுக்கொண்டு. மேளம் ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. தெய்வசிகாமணி பட்டுவேட்டியோடு பலகைமேல் நடந்து வந்து, கால் நின்ற இடத்தில் நின்றார். கிழக்கே இருந்து வளையல் சத்தம் வந்தது. வேலாத்தாள் இரண்டு கையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு பச்சை வளையல் போட்டிருந்தாள். நடந்தாள். பத்தடி இருந்தது, ஐந்தடி இருந்தது, இரண்டடி இருந்தது. நின்றாள். மேளமும் நின்றது.

அவர் பெருவிரலுக்கும் அவள் பெருவிரலுக்கும் நடுவே ஒரு விரல்கடை இருந்தது. ஒரே ஒரு விரல்கடை. எட்டிக் கை நீட்டினார், கை போகவில்லை. அவள் நீட்டினாள், போகவில்லை. நூறடி அல்ல, ஒரு விரல்கடை. நூறடியாக இருந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். கந்தப்பன் தலையில் கை வைத்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தெய்வசிகாமணி குனிந்து இடைவெளியைப் பார்த்தார். பிறகு தன் சாக்பீஸ் கீறலைப் பார்த்தார்.

"பக்கவாட்டுல நகரு" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"வடக்கால. நான் என்ற கோட்டு மேல நகர்றேன். நீ உன்ற கோட்டு மேல நகரு. ரெண்டும் வட்டம். இங்க தொடலைன்னா தொடற எடம் பக்கத்துல இருக்குது."

நகர்ந்தார்கள். எதிரும் புதிருமாக, நண்டு நகர்கிற மாதிரி, ஓர் அடி, இன்னோர் அடி. வேலாத்தாள் இடுப்பில் செருகியிருந்த வளையல் சுற்றுகிற காகிதத்தை எடுத்து, மடித்து மடித்து, ஒவ்வோர் அடிக்கும் இடைவெளியில் நுழைத்துப் பார்த்தாள். எட்டு மடிப்பு நுழைந்தது. பத்தடி தள்ளி நாலு மடிப்புதான் நுழைந்தது. கூட்டமும் கிணற்று மேட்டில் அவர்களோடு பக்கவாட்டில் நகர்ந்தது. இரண்டு மடிப்பு. ஒற்றைக் காகிதம். இருபத்தைந்தாவது அடியில் ஒற்றைக் காகிதமும் நுழையவில்லை. ஏன் என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். விரலும் விரலும் தொட்டுக்கொண்டிருந்தன.

"கூப்பிடுங்க" என்றாள் மெதுவாக.

தெய்வசிகாமணி மூச்சை இழுத்தார். முப்பத்தாறு வருடம் லேத் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

"வேலாத்தா!"

பலகைக்கடியில் கிணறு அதை வாங்கிக்கொண்டு மூன்று தரம் திருப்பிச் சொல்லிற்று. அவர் தாலியை எடுத்துக் கையை நீட்டினார். கை போயிற்று. கோட்டைத் தாண்டி, அவள் தோளைத் தாண்டி, கழுத்துக்குப் பின்னால் போய் முடிச்சுப் போட்டது. இரண்டு மேளமும் ஒரே நேரத்தில் வெவ்வேறு தாளத்தில் வெடித்தன. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

கோடு என்னவாயிற்று என்றால், போய்விடவில்லை. பங்குனியில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து டவுனுக்குப் போகும்போது, ரயில்வே கேட்டைத் தாண்டி, முதலில் அவரும் பின்னாலேயே அவளுமாகப் பஸ்ஸின் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவள் சிரித்த சிரிப்பில் பஸ் முழுக்கச் சிரித்தது. அளந்து பார்த்ததில் இருவருக்கும் ஒரே வட்டம். நடு சாமியப்பன் கிணறு, ரேடியஸ் படத்தில் ஐந்து அங்குலம். மூன்று சந்தை, இரண்டு சினிமா தியேட்டர், ஓர் ஆறு உள்ளே வந்தன. போதாதா? போதும். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு நடந்தது இது. தாலி ஏறியதும் எல்லோரும் பந்தியைப் பார்த்துத் திரும்பினார்கள். வேலாத்தாள் மட்டும், "கெணத்து மேல கூப்பிட்டது கெணத்துக்கு ஆச்சு. என்ற வாசலுக்கு?" என்று கேட்டுவிட்டு, மாலையோடும் முகூர்த்தச் சேலையோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி, "போடி, வேகமாப் போ" என்று பறந்துவிட்டாள். தெய்வசிகாமணி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கிழக்கே ஓர் அடி எடுத்து வைத்தார். கால் போயிற்று. இன்னோர் அடி. வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தியை விட்டுவிட்டு இரண்டு ஊரும் அவர் பின்னால் நடந்தன. இரண்டு இலையையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு சாமியப்பனும்.

அத்திப்புதூரில் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஊர் தெருவில் நெருக்கிக்கொண்டு நின்றது.

"வேலாத்தா" என்றார்.

"யாருங்க?"

"நாந்தான்."

"நாந்தான்னு ஊருல ஆயிரம் பேரு."

கூட்டம் சிரித்தது. "தெய்வசிகாமணி."

"என்ன விசயமா வந்தீங்க?"

அவர் காது சிவந்துவிட்டது. "கூப்பிட வந்தேன்."

"காது கேக்கல."

"வேலாத்தா! வா, நம்ம வீட்டுக்குப் போலாம்!"

ஏழாம் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கதவு திறந்தது. பழைய தகரப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். நீட்டினாள். அவர் அதை வாங்கித் தோளில், ஷாஃப்ட் சாத்துகிற இடத்தில், வைத்துக்கொண்டார்.

பதினாலாம் நம்பர் காத்திருந்தது. உட்கார இடமில்லை. இருவரும் டிரைவருக்குப் பின்னால் நின்றார்கள். கந்தப்பன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், பின்னாலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வழிவிடுவதற்கு ஜனங்கள் கூடையையும் பையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஏழாம் பாலத்தைத் தாண்டிப் பஸ் போயிற்று. அவர்களும் போனார்கள்.